இறைச்சி கொண்டு வரலாமோ, தம்பி?

எங்கள் பெரியப்பா யாழ்ப்பாணத்தில், உரும்பிராயில் லொறி வைத்திருந்தவர். சாமான் ஏற்ற வருகிறவர்களோடு விலை பேசி முடித்ததும் ஒரு வசனம் சொல்லுவார். "கெதியா ஓம் எண்டு சொல்லுறவனிட்டை..." என்று அது தொடங்கும். மிச்சம் எனக்கு மறந்துபோய்விட்டது. கடன் வாங்கக்கூடாது என்றாரா, சம்பந்தம் வைக்கக்கூடாது என்றாரா, லொறி விற்கக்கூடாது என்றாரா தெரியாது. ஏதோ ஒன்றைச் செய்யக்கூடாது என்றுதான் முடியும். சட்டென்று ஆமாம் சொல்லுகிறவனைப் பற்றிய அந்த முதல் பாதியே என் இப்போதைய தொழிலுக்குத் தாராளம்.

பயண ஏஜென்சி என்பது, போக ஆசைப்படுகிறவரிடம் போகாதீர்கள் என்று சொன்னால் சம்பளம் வராத தொழில். ரொறொன்ரோவின் ஸ்காபரோப் பக்கம், அஜின்கோர்ட்டில் ஒரு புடவைக் கடைக்கும் பல் வைத்தியசாலைக்கும் நடுவில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. முதலாளி றஞ்சி அக்கா. கொழும்பு ரிக்கெற், சென்னை ரிக்கெற், மாதா கோயில் யாத்திரை, ஆறுபடை வீடு என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடை. நான் வேலைக்கு வந்த பிறகு கண்ணாடியில் இன்னொரு போஸ்டரும் ஏறியது: 'ஆபிரிக்க வேட்டைப் பயணம்.'

அதற்குக் காரணம் என் பழைய வேலை. பன்னிரண்டு வயதுவரை ஊரில் தமிழில் படித்தவன் நான். பிறகு ரொறொன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் படித்தேன். இருபதுகளில் இந்த நகரத்துக் குளிரோடு கோபித்துக்கொண்டு நமீபியாவுக்குப் போனேன். வெளிநாட்டார் காசு கட்டி வந்து மான் சுடுகிற ஒரு பண்ணையில், முன்பதிவும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு. பண்ணை கைமாறி வேட்டை நின்றுபோனதும் நாற்பத்தைந்து வயதில் ரொறொன்ரோவுக்கே திரும்பி வந்தேன். அங்கே இருந்த அத்தனை வருடத்தில் ஒரு நாளும் துப்பாக்கி தொட்டதில்லை. இறைச்சி சாப்பிடுவதையும் விட்டுவிட்டேன். தோல் உரிக்கிற கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் மேசை போட்டிருந்தால் நீங்களும் விட்டிருப்பீர்கள். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று விமானத்தில் வரும்போதே முடிவெடுத்திருந்தேன். ஆட்களை அனுப்புவதோடு சரி.

வேட்டையாடுவது சரியா பிழையா என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. "உந்த வெப்சைற் உண்மையோ?" என்றுதான் கேட்கிறார்கள். 'ஒருக்காப் பார்த்துச் சொல்லும்' என்று கேட்கப்பட்டு, பார்த்து, உண்மையைச் சொல்லி, அதனாலேயே வேண்டாதவராகிப் போன அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

நீர் எவடம்?

மரியதாஸ் அண்ணை மன்னார்ப் பக்கம் முருங்கன்காரர். நகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்காபரோவில் அவரைத் தெரியாத ஆட்கள் குறைவு, பங்கு இறைச்சியால். நாலைந்து குடும்பம் சேர்ந்து வெளியே ஒரு பண்ணையில் ஆடு வாங்கி, வெட்டி, பங்கு போட்டுப் பிரிப்பது எங்கள் ஆட்கள் கனடாவுக்கு வந்தும் விடாத பழக்கம். ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் ஒவ்வொரு குவியலிலும் ஒரே மாதிரி விழவேண்டும். மரியதாஸ் அண்ணை தராசு வைப்பதில்லை. கையால் பிரிப்பார். எல்லோரும் தங்களுக்குப் பிடித்த குவியலை எடுத்த பிறகு மிஞ்சிக் கிடப்பதுதான் அவருடைய பங்கு. அதனால் அவர் பிரித்ததில் ஒருத்தரும் இதுவரை குறை சொன்னதில்லை. அந்தப் பேர்தான் அவருடைய சொத்து.

அவரும் நாலு கூட்டாளிகளும் ஒவ்வொரு இலையுதிர்காலமும் வடக்கே போய் மான் சுடுகிறவர்கள். லைசென்ஸ், செம்மஞ்சள் தொப்பி எல்லாம் முறையாக வைத்திருக்கிறவர்கள். சாவதற்குள் ஒருதரம் ஆபிரிக்காவில் சுடவேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஐந்து பேருடைய சேமிப்பும் மரியதாஸ் அண்ணையின் கையில் சேர்ந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நமீபியாவில் வேட்டைக் கம்பனி நடத்துகிற ஜெயன் என்ற ஒரு 'எங்கட பெடியனை' இணையத்தில் பிடித்துவிட்டாராம். மற்றவர்கள் கேட்கிறதில் பாதி விலைதானாம். வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் அனுப்பிவிட வேண்டுமாம்.

"எங்கட பெடியன் எண்டு எப்பிடி அண்ணை தெரியும்?"

"கேட்டனான்தானே. 'நான் முருங்கன், நீர் எவடம்?' எண்டு கேட்டன். தாய் முருங்கனாம்!"

"அவர் சொல்ல முதல் நீங்கள் உங்கட ஊரைச் சொல்லிப்போட்டியள்."

மரியதாஸ் அண்ணை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன கதை கதைக்கிறீர் தம்பி? தன்ர ஊரைச் சொல்லாமல் மற்றவன்ர ஊரைக் கேக்கிறது மரியாதையே?"

நீலத் தாங்கி

ஜெயன் அனுப்பிய படங்களைக் காட்டினார். முதலாவது படத்தில் ஒரு பெரிய முறுக்குக் கொம்பு மான். இரண்டாவதில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர். மூன்றாவது படத்தை நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முள்மரத்தடியில் ஒரு நீலத் தண்ணீர்த் தாங்கி, வயிற்றில் ஒரு பள்ளத்தோடு நின்றது. ஒரு டிரக்டர் பின்னால் வந்து இடித்த பள்ளம் அது. இடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். என்னுடைய பழைய பண்ணை. இப்போது அங்கே வேட்டையே கிடையாது. வாங்கியவர் மாடு வளர்க்கிறார்.

இதை மரியதாஸ் அண்ணைக்குச் சொன்னேன். நீலத் தாங்கி உலகம் முழுக்கக் கிடக்கிறது என்றார். நான் என்னுடைய போனில் இருந்த பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். அதே மரம், அதே தாங்கி, அதே பள்ளம், பக்கத்தில் தலைமயிர் கூடின நான். இரண்டு போனையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு அவர் நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். ஒரு வழியாக விளங்கிவிட்டது என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றார். "உமக்குப் பழக்கமான இடத்தைத்தானே பெடியன் வைச்சிருக்கிறான்!"

கடல் தெரியும்

அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு நாளும் வரத் தொடங்கினார். ஓய்வு பெற்ற மனிதர், றஞ்சி அக்காவின் தேநீரும் நன்றாக இருக்கும். நானும் வெள்ளிக்கிழமை வருவதற்குள் எனக்குத் தெரிந்த கதைகளை எல்லாம் அவருக்குச் சொல்லித் தீர்த்துவிடுவது என்று இறங்கினேன். முதல் கதைக்குச் சாட்சியே பக்கத்துக் கடையில் இருந்தது: பல் வைத்தியர் ஆரணி. இங்கே பிறந்த பிள்ளை. கணவருக்கு வேட்டைப் பைத்தியம். பிறந்தநாளுக்கு அவருக்குச் சொல்லாமல் ஒரு வேட்டைப் பயணம் வாங்கிக் கொடுக்க நினைத்து, போன வருடம் ஒரு வெப்சைற்றை என்னிடம் காட்டியிருந்தார்.

அதில் ஆட்கள் எழுதிய பாராட்டுகளை நான் உட்கார்ந்து முழுவதும் வாசித்தேன். எல்லாமே ஐந்து நட்சத்திரம். ஆனால் ஒருத்தராவது சுட்டதைப் பற்றியோ, தடம் பார்த்துக் கூட்டிப்போன ஆளின் பெயரையோ, தப்பிப் போன மிருகத்தையோ எழுதவில்லை. தப்பிப் போனதைச் சொல்லாத வேட்டைக்காரனை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. இவர்கள் எழுதியிருந்ததெல்லாம் மெத்தை, காலைச் சாப்பாடு, யன்னலைத் திறந்தால் கடல். எங்கேயோ ஒரு கடற்கரை ஹோட்டலின் பாராட்டுகளை அள்ளிவந்து ஒட்டியிருந்தார்கள். பண்ணை என்று அவர்கள் காட்டிய இடத்தில் இருந்து கடலுக்கு ஒரு பகல் முழுக்கக் கார் ஓடவேண்டும்.

ஆரணிக்கு வரைபடத்தை விரித்துக் காட்டினேன். பிள்ளை நன்றாகத்தான் பார்த்தது. பார்த்துவிட்டுச் சொன்னது: "பட் அங்கிள், மேபி ரூஃப்ரொப்பிலை ஏறி நிண்டால் கடல் தெரியுமோ?"

ஒரே நாய்

செவ்வாய்க்கிழமை டக்கின் கதையைச் சொன்னேன். டக் ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர். என்னிடம் வந்தவர்களில் புத்தி கேட்ட ஒரே ஆள். ஏற்கனவே போய் வந்தவர்களின் தொலைபேசி எண்களைக் கேளுங்கள், கேட்டு வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கதையுங்கள், சந்தோசப்பட்டவரை மட்டுமல்லாமல் வெறுங்கையோடு வந்தவரையும் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அந்தக் கம்பனி மூன்று பேருடைய எண்களைக் கொடுத்தது. டக் மூன்று பேரையும் கூப்பிட்டார்.

முதலாவது ஆள் ஒரு டாக்டர். அருமையான பயணம் என்றார். பின்னால் ஒரு சின்ன நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆள் இன்னொரு நாட்டில் இருக்கிற விவசாயி. குரல் கொஞ்சம் கட்டை. அங்கேயும் ஒரு சின்ன நாய். மூன்றாவது ஆளைக் கூப்பிட்டபோது டக் பேசவே இல்லையாம், காதைக் கொடுத்துக்கொண்டு காத்திருந்தாராம். நாய் குரைத்ததும் போனை வைத்துவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "மூன்று பேரில் நான் நம்புகிறது அந்த நாயைத்தான்."

மரியதாஸ் அண்ணை இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு தன்னுடைய ஜெயனும் எண் தந்திருக்கிறான், இரண்டு பேருடன் கதைத்துவிட்டேன், நாய்ச் சத்தமே இல்லை என்று பெருமையாகச் சொன்னார். கதைத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "அது பெரிசா ஒண்டும் இல்லை, நான்தான் முருங்கனைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தனான்."

உண்மைக்காரன் ஏன் சோம்பேறி?

புதன்கிழமை நானே ஒரு வேலை செய்தேன். நமீபியாவில் வேட்டை நடத்துகிறவர்கள் அரசாங்கத்தில் பதிந்திருக்க வேண்டும். தொழில்முறை வேட்டைக்காரர்களுக்குச் சங்கமும் இருக்கிறது. பெயரைக் கொடுத்து 'இவர் உங்களில் ஒருவரா?' என்று கேட்டால் பதில் சொல்லுவார்கள். எழுதினேன். வியாழக்கிழமையும் பதில் இல்லை. அந்தச் சங்கத்தில் ஒரு பெண்மணி இருந்து, எல்லா நாட்டு மின்னஞ்சலையும் தனியாகத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியொரு மேசையில் இருந்தவன் ஆனபடியால் எனக்குத் தெரியும்.

ஜெயனிடம் மரியதாஸ் அண்ணை பதிவு இலக்கம் கேட்டார். தேநீர் ஆற முதல் வந்துவிட்டது, முத்திரை குத்தி, கழுகுப் படம் போட்டு, பொன்னிற எழுத்தில். நான் அந்தக் கழுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருந்த காலத்தில் அரசாங்கம் தந்த எந்தக் கடதாசியும் இவ்வளவு வடிவாக இருந்ததில்லை. முக்கால்வாசி மை மங்கிப்போய், முத்திரை சரிந்துதான் இருக்கும்.

றஞ்சி அக்காவும் எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத வியாபாரம் இல்லை. ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்து, உண்மையாகவே விடை தெரியாதவர் போலக் கேட்டார்: "அது சரி, உங்கட உண்மைக்காரர் எல்லாரும் ஏன் இவ்வளவு சோம்பேறியள்?"

ஒருக்காச் சொல்லும்

இந்தக் கதையை நான் மரியதாஸ் அண்ணைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிறகு யோசித்தேன்.

என்னுடைய பழைய கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில், சென் ஜேம்ஸ் ரவுணில், இன்றைக்கும் குடியிருக்கிற ஒருவர். தனி ஆள். என்னைவிட மூத்தவர். என்னிடம் வர முன்னமே அவர் ஒரு வேட்டைக் கம்பனிக்கு முற்பணம் அனுப்பியிருந்தார். பிறகு துப்பாக்கி வரி என்று கேட்டார்களாம், அனுப்பினார். பிறகு மிருக வைத்தியர் சான்றிதழ் என்றார்களாம், அதையும் அனுப்பினார். அந்த நாட்டில் துப்பாக்கிக்கு விமான நிலையத்தில் இறங்கிய பிறகு பொலிஸார்தான் அனுமதி எழுதித் தருவார்கள். முன்கூட்டிக் கட்டுகிற வரி எதையும் நான் அங்கே கண்டதில்லை. காசு போனது ஒரு கம்பனியின் கணக்குக்கும் இல்லை, வேறொரு நாட்டில் இருக்கிற யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. நான் வாய் திறக்க முதலே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். புதுச் சப்பாத்து வாங்கியிருந்தார். தடித்த தோல், கணுக்கால் மூடுகிறது. அதைப் போட்டுப் பழக்க வேண்டும் என்று அன்றைக்கும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பொலிஸில் முறைப்பாடு செய்வோம், வங்கியோடு கதைப்போம், நானும் வருகிறேன் என்று சொன்னேன். குனிந்து சப்பாத்து நாடாவை இறுக்கினார். பிறகு மேசையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் பிறகு பாப்பம் தம்பி. எல்லாம் சரி எண்டு ஒருக்காச் சொல்லும், போதும்."

நான் சொல்லவில்லை. அவர் பிறகு வரவும் இல்லை.

ஓம் அண்ணை

வெள்ளிக்கிழமை மத்தியானம். மரியதாஸ் அண்ணை வங்கிக்குப் போகிற வழியில் வந்து தேநீரோடு உட்கார்ந்தார். அன்றைக்கு அவருடைய பேரும் அவரோடு வங்கிக்குப் போகப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. காசு போனால் அந்த நாலு கூட்டாளிகளும் அவரைக் கள்ளன் என்று சொல்லமாட்டார்கள். அடுத்த ஆட்டுக்கு வேறு யாராவது பங்கு பிரிக்கட்டும் என்று மட்டும் சொல்லுவார்கள். அவருக்கு அதுவே போதும்.

என்னிடம் கடைசியாக ஒரு வழி இருந்தது. என்னிடம் வேட்டைக்குக் கேட்டு வருகிற எங்கள் ஆட்கள், என்ன சொன்னாலும் விடாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். சிங்கம் கடிக்குமோ என்று கேட்கமாட்டார்கள், மலேரியா வருமோ என்று கேட்கமாட்டார்கள். "இறைச்சி கொண்டு வரலாமோ, தம்பி?" என்று கேட்பார்கள். வராது. சுட்ட மானின் இறைச்சி பண்ணைக்குத்தான். அங்கே உள்ள வேலையாட்கள் சாப்பிடுவார்கள், மிச்சத்தை விற்பார்கள். ஒரு துண்டைக்கூட கனடாவுக்குள் விடமாட்டார்கள். உண்மையாகத் தொழில் செய்கிறவன் எவனும் இதற்கு இல்லை என்றுதான் சொல்லுவான். திங்கட்கிழமை அவர் கேட்டு நான் 'இல்லை' என்று சொன்னபோது, பங்கு பிரித்தே பழகிய மரியதாஸ் அண்ணையின் முகம் போன போக்கு எனக்கு நினைவிருந்தது. ஆகவே, ஜெயனிடம் இதை ஒருதரம் கேளுங்கள், அவர் என்ன சொல்லுகிறார் என்று பார்ப்போம் என்றேன். ஜெயனைக் கூப்பிட்டு, போனை மேசையில் வைத்து, ஸ்பீக்கரைத் திறந்து விட்டார்.

"தம்பி ஜெயன், இறைச்சி கொண்டு வரலாமோ?"

"ஓம் அண்ணை! ஐஸ் பெட்டியிலை போட்டு அனுப்புவம். உங்களுக்கு இல்லாததே?"

பெரியப்பாவின் லொறி என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. நான் மரியதாஸ் அண்ணையைப் பார்த்து, 'பிடிபட்டான்' என்ற அர்த்தத்தில் தலையை ஆட்டினேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பாக என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே? நீர் இல்லை எண்டனீர். பெடியன் ஓம் எண்டுறான்!"

கூட்டிக்கொண்டு வாறவருக்கு

என்னிடம் இனிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஜெயனிடம் இருந்தது. அவருக்கு மரியதாஸ் அண்ணை கொஞ்சம் தயங்குகிறார் என்று பட்டிருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார், போன் மேசையில் கிடப்பதும் நானும் றஞ்சி அக்காவும் கேட்டுக்கொண்டிருப்பதும் தெரியாமல்.

"அண்ணை, இது உங்களுக்கு மட்டும். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாறியள், உங்கட பயணம் ஃப்ரீ. நீங்கள் ஒரு சதமும் கட்டவேண்டாம். மற்ற ஆக்களுக்குச் சொல்லாதேங்கோ."

மரியதாஸ் அண்ணை தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். "அப்ப அந்த நாலு பேரும் கட்டுறதிலை என்ர பங்கும் கிடக்கு."

"அப்பிடி இல்லை அண்ணை, இது எங்கட கணக்கிலை..."

"அப்ப அதை அஞ்சாப் பிரியும். அஞ்சு பேருக்கும் குறையும்."

"அது ஏலாது அண்ணை. லீடருக்கு மட்டுந்தான்."

"தம்பி," என்றார் மரியதாஸ் அண்ணை. இதுவரை அவர் குரலில் நான் கேட்டிராத அமைதி. "நான் எல்லாரும் எடுத்த பிறகு எடுக்கிறவன். நீ என்னை ஒளிச்சு முதல் எடுக்கச் சொல்லுறாய். முருங்கனிலை ஆரும் உப்பிடிச் சொல்லிக் குடுக்கமாட்டினம்."

போனை அணைத்தார். அன்று மாலைக்குள் வட்ஸ்அப்பில் ஜெயனின் படம் மறைந்து வெறும் சாம்பல் வட்டம் ஆகிவிட்டது. வெப்சைற்றும் திறக்கவில்லை. நீலத் தாங்கி, ஹோட்டல் பாராட்டு, நாய், கழுகு முத்திரை, ஐஸ் பெட்டி என்று ஒரு கிழமையாக நான் அடுக்கியதில் ஒன்றுகூட அவரை அசைக்கவில்லை. அது என்னை எவ்வளவு களைக்க வைத்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அவர் எழும்பிப் போகவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மாதா கோயில் யாத்திரைப் போஸ்டரை வாசித்துக்கொண்டிருந்தார். "அக்கா," என்று றஞ்சி அக்காவைக் கூப்பிட்டார். அவரைவிட இளையவர்தான் றஞ்சி அக்கா, ஆனாலும் முதலாளி. "போன கோடையிலை எங்கட கோயில் ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனாரே ஒருத்தர், அவரும் ஃப்ரீயோ?"

றஞ்சி அக்கா கணினியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணை, தேத்தண்ணி இன்னும் கொஞ்சம் விடவோ?"

எல்லாத்துக்கும் இல்லை

அடுத்த புதன்கிழமை மரியதாஸ் அண்ணை திரும்பி வந்தார். கூட்டாளிகளின் காசை எல்லாம் அவரவர் கையில் கொடுத்துவிட்டாராம். "காசைக் குடுத்திட்டன். ஆசையைத் திருப்பிக் குடுக்கேலாமல் கிடக்கு," என்றார். உண்மையான ஆள் ஒருவரைக் காட்டும்படி கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரி இருக்கிறார். எங்கள் பழைய பண்ணைக்கு அடுத்த பண்ணை. கணவர் இறந்த பிறகு தானே வேட்டை நடத்துகிறவர். மின்னஞ்சல் போட்டோம். நாலாம் நாள் பதில் வந்தது. நீங்கள் கேட்கிற மாதம் முடியாது, மழை. விலை குறைக்க முடியாது. இரண்டு மான் என்று எழுதித் தரமாட்டேன், சுடுவது உங்கள் கை. இறைச்சி கொண்டுபோக முடியாது. ஒப்பந்தம் அனுப்புகிறேன், வாசித்துக் கையெழுத்து வைத்த பிறகு மட்டும் காசு அனுப்புங்கள், அதுவும் பண்ணையின் கணக்குக்கு. கூட்டிக்கொண்டு வருகிறவருக்குச் சலுகை உண்டா என்று மரியதாஸ் அண்ணை என்னைக் கொண்டு எழுதுவித்திருந்தார். அதற்கும் ஒரு சொல்லில் பதில்: இல்லை.

நான் தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. "மனிசி எல்லாத்துக்கும் இல்லை எண்டுது. உதை எப்பிடித் தம்பி நம்புறது?" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அந்தப் பண்ணைக்காரியை எனக்குப் பல வருடமாகத் தெரியும், என் பேச்சை நம்புங்கள் என்றேன்.

"உம்மை நம்பலாம். ஆனா நீர் போறேல்லையே," என்றார்.

"நான் ரிக்கெற் போடுற ஆள், அண்ணை. வேட்டைக்கு ஏன் வாறன்? இறைச்சியும் சாப்பிடுறேல்லை."

"சாப்பிடுறதும் விடுறதும் உம்மட பாடு. பங்கு பிரிக்கிறவன் தானும் ஒரு பங்கு எடுக்கவேணும் தம்பி. கடைசிப் பங்கெண்டாலும் எடுக்கவேணும். எடுக்காட்டில், ஆட்டிலை ஏதோ பிழை கிடக்கு, அது இவனுக்குத் தெரியும் எண்டு சனம் நினைக்கும். நீர் உந்தக் கண்ணாடியிலை போஸ்டர் ஒட்டி இவ்வளவு பேரை அனுப்புறீர். ஒருக்காலும் உம்மட காசைக் கட்டி நீர் போனதில்லை. ஜெயன் பிழை எண்டு நீர் ஒரு கிழமையாச் சொன்னீர், நான் ஏன் கேக்கேல்லை எண்டு நினைக்கிறீர்?"

றஞ்சி அக்கா தட்டச்சை நிறுத்திவிட்டார். ஏஜென்ற் என்ற முறையில் எனக்குக் கழிவு போட்டுக் குறைந்த விலை உண்டு என்று றஞ்சி அக்கா மெல்லச் சொன்னார். மரியதாஸ் அண்ணை கையை உயர்த்தி மறித்தார்.

"எங்களைப் போல முழுக் காசு. அப்பத்தான் நாங்கள் அஞ்சு பேரும் வருவம்."

அடுத்த திங்கட்கிழமை, துப்பாக்கி தொடாத, இறைச்சி தின்னாத நான், என் சொந்தக் காசில் முழு விலை கட்டி, அந்த வேட்டையில் ஆறாவது பங்கை எடுத்துக்கொண்டேன்.